கவுண்ட் ரெண்டரை லட்சம், ஆனா ரத்தம் நிக்கல

டெங்கு சீசன் வந்துட்டா மதுரைல எல்லாருமே ரத்த டாக்டர் ஆயிருவாங்க. டீக்கடைல நின்னா பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்க உதவுற தட்டணு) பேச்சுதான், யாருக்கு எத்தனாயிரம் எறங்குச்சு, பப்பாளி இலைச் சாறு குடிச்சு எவ்வளவு ஏறுச்சுன்னு. ஒண்ணரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரைக்கும் நார்மல்னு பெருசுங்க கூட சொல்லுதுங்க. ஆனா இருக்குற பிளேட்லெட் ஒழுங்கா வேலை பாக்குதான்னு மட்டும் யாரும் கேக்குறதில்ல. நான் லேப்ல குப்பை கொட்டுறவன், எனக்கு அதுதான் முதல்ல தோணும்.

உசிலம்பட்டி பக்கத்துல இருந்து ஒரு அம்மா மகளக் கூட்டிட்டு வந்துச்சு. சின்னதுல இருந்தே புள்ளைக்கு மூக்குல ரத்தம் வருமாம், வயசுக்கு வந்தப்புறம் மாசாமாசம் பத்து பன்னெண்டு நாள் நிக்காம போகுதாம், லேசா இடிச்சுக்கிட்டாலே கன்னிப் போயிருதாம். "கவுண்டு ரெண்டரை லட்சம் இருக்கு, எல்லாம் நல்லாருக்குன்னுட்டாக, அப்புறம் ஏந்தம்பி நிக்க மாட்டேங்குது?" டாக்டர் எழுதிக் குடுத்திருந்தது அக்ரிகேஷன் டெஸ்ட், அதாவது பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒழுங்கா ஒட்டுதான்னு பாக்குற டெஸ்ட்.

மாத்திரை ஏதும் சாப்டுச்சாம்மான்னு கேட்டேன், இல்லவே இல்லைன்னுச்சு. வயித்து வலிக்கு? "அது மெடிக்கல்ல கேட்டு வாங்குனது தம்பி, அதையும் மாத்திரைல சேக்கணுமா?" சேக்கணும்மா, அதத்தான் முதல்ல சேக்கணும். ஆஸ்பிரின் ஒண்ணு உள்ள போச்சுன்னா அப்ப இருக்குற பிளேட்லெட் அத்தனையும் அதோட ஆயுசு முடியுற வரைக்கும் மந்தமாத்தான் இருக்கும், ஆயுசுன்னா ஏழுல இருந்து பத்து நாள். மத்த வலி மாத்திரைங்க அவ்வளவு நாள் நிக்காது, ஆனாலும் ரிசல்ட்டக் கெடுத்துரும். அதனால மாத்திரைய நிறுத்திட்டு பத்து நாள் கழிச்சு வாங்க, காலைல எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வேணாம், பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட தண்ணிப் பகுதி, கொழுப்பாகிக் கலங்கிரும்னு சொல்லி அனுப்புனேன்.

ஏன்னா இந்த டெஸ்ட் முழுக்க அந்தக் கலங்கலத்தான் நம்பியிருக்கு. உறையாம வச்சுக்கிற சிட்ரேட் டியூப்ல ரத்தம் எடுத்து மெதுவா சுத்துனா சிவப்பணு அடில போயிரும், மேல பிளேட்லெட் மட்டும் மங்கலா மிதக்கும். அத 37 டிகிரில வச்சு உள்ள குட்டிக் காந்தக் கம்பிய சுழல விட்டு ஒரு பக்கத்துல இருந்து லைட் அடிக்கணும். பிளேட்லெட்டத் தூண்டி விடுற ஏடிபியோ கொலாஜனோ ஒரு சொட்டு விட்டா பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பால் திரிஞ்சா தண்ணி தெளியுற மாதிரி தெளியும், லைட் அதிகமா உள்ள போகும், ஸ்கிரீன்ல கோடு ஏறும். இந்த முறைய 1962ல கொண்டு வந்தது லண்டன்ல இருந்த குஸ்டாவ் போர்ன். நம்ம சி.வி.ராமன் கூப்பிட்டு பெங்களூர்ல வந்து இருந்தாரே இயற்பியல் விஞ்ஞானி மேக்ஸ் போர்ன், அவரோட மகன்.

இப்படிச் சொட்டு விடுற சரக்குல (ரீயேஜென்ட்) எனக்கு ரொம்பப் புடிச்சது ரிஸ்டோசெட்டின். முதல்ல அது ஆன்டிபயாடிக்கா வந்துச்சு, போட்டவங்களுக்கு பிளேட்லெட் கொறஞ்சு போறதப் பாத்து மருந்தா குடுக்குறத நிறுத்திட்டாங்க. அப்புறம் 1971ல ஹோவர்ட், ஃபிர்கின்னு ரெண்டு பேர், அந்த மருந்து டியூபுக்குள்ளயே பிளேட்லெட்டத் திரள வைக்குது, ஆனா வான் வில்லிபிராண்ட் நோய் (பிளேட்லெட்ட ஒட்ட வைக்கிற புரதம் சரியில்லாம ரத்தம் நிக்காத நோய்) இருக்குறவங்க ரத்தத்துல அப்படித் திரளலன்னு காட்டுனாங்க. உடம்புக்கு ஆகாதுன்னு தள்ளி வச்ச சரக்கு, அதே காரணத்துக்காக இன்னைக்கு லேப்ல ராஜாவா இருக்கு.

பத்து நாள் கழிச்சு அந்தப் புள்ள வந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு (கன்ட்ரோல்) நல்லா இருக்குற ஆள் ரத்தம் வேணும், எங்க லேப்ல அன்னைக்கு தலைவலி மாத்திரை போடாத ஒரே ஆள் ரிசப்ஷன் அக்காதான், மொனகிக்கிட்டே கைய நீட்டுச்சு. புள்ளைக்கு ஏடிபி, கொலாஜன், அராகிடோனிக் ஆசிட் எல்லாத்துக்கும் கோடு ஜோரா ஏறுச்சு. ரிஸ்டோசெட்டின் விட்டேன், கோடு படுத்தது படுத்ததுதான். அக்காவோட பிளாஸ்மாவக் கொஞ்சம் கலந்து திரும்ப ஓட்டுனேன், ஏறிருச்சு. அப்ப பிளேட்லெட் மேல தப்பில்ல, அத ஒட்ட வைக்கிற வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்தான் பத்தல. பிளேட்லெட்லயே கோளாறுன்னா, பெர்னார்ட் சூலியேன்னு ஒரு நோய் இருக்கு, அதுல எவ்வளவு பிளாஸ்மா கலந்தாலும் கோடு ஏறாது. கிளான்ஸ்மேன்னு இன்னொரு பிளேட்லெட் நோய்ல அப்படியே தலைகீழ், ரிஸ்டோசெட்டினுக்கு ஏறும், மத்த எல்லாத்துக்கும் படுத்துரும், சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிற குடும்பங்கள்ல அது கூடுதலா வரும்.

உறுதி பண்ண ஃபேக்டர் அளவு பாக்க எழுதினார் டாக்டர். அந்தப் புள்ளையோட தம்பிக்கு சொத்தைப் பல்லு புடுங்க நாள் குறிச்சிருந்தாங்களாம், அக்காவுக்கு இருந்தா தம்பிக்கும் இருக்கலாம், அவனுக்கும் பாக்காம பல்லுல கை வைக்க வேணாம்னுட்டார்.

இந்த டெஸ்டுக்கு வர்றவங்க நேர்ல வாங்க, காலைலயே வாங்க. ரத்தம் எடுத்து நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும், ஐஸ் பெட்டில வச்சா பிளேட்லெட் கெட்டுரும், தேனில இருந்து பஸ்ல குடுத்து விடுற சாம்பிள நான் திருப்பித்தான் அனுப்புவேன், கோச்சுக்காதீங்க.