பனிப்பாதையில் ஷிகிஷிமா

ஜப்பானின் ‘ட்ரெயின் சூட் ஷிகிஷிமா’ சொகுசு ரயிலைப் பற்றிப் படிக்கப் படிக்க ஆசை கூடுகிறதே தவிரக் குறைவதாக இல்லை. 2017 மே மாதம் ஓடத் தொடங்கிய இந்த ரயிலில் பெட்டிகள் 10, அறைகள் 17, பயணிகளோ அதிகபட்சம் 34 பேர்தான். டோக்கியோவின் உயெனோ நிலையத்தில் இதற்கென்றே ‘13.5’ என்ற எண்ணில் தனி நடைமேடை அமைத்திருக்கிறார்கள். கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது. பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் வரவும் வேண்டும்.

சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலைகளில் மோதுவதால், அவோமோரி முதலான வடபகுதிகளில் பனி கொட்டித் தீர்க்கிறது. அந்தப் பனியின் நடுவே, ஹினோகி மரத் தொட்டியின் வெந்நீரில் கழுத்தளவு அமிழ்ந்தபடி பயணம் செய்யும் வசதி உயர்வகை அறைகளில் உண்டு. இருந்தாலும் என்னை அதிகம் கவர்ந்தது அதன் பொறியியல்தான்: மின்கம்பி உள்ள தடத்தில் மின்சாரத்திலும், இல்லாத தடத்தில் தன்னிடமுள்ள டீசல் ஜெனரேட்டர்கள் தரும் மின்சாரத்திலும் அது ஓடுகிறது.

குலுக்கலில் பெயர் வராதவர்களுக்கும் அதே அவோமோரியில் ஒரு வழி இருக்கிறது. சுகரு ரயில்வே, டிசம்பர் முதல் மார்ச் வரை, பெட்டிக்குள்ளேயே நிலக்கரி அடுப்பு எரியும் பழைய ரயிலை இயக்குகிறது. உலர்ந்த கணவாய் மீன் வாங்கினால் அந்த அடுப்பிலேயே சுட்டுத் தருவார்கள். எனக்கு இதுவே போதும்.