எதிரி விமானம் வராத போரில் வான் பாதுகாப்பு

அமெரிக்கா தலைமையிலான கூட்டணி ஈராக்கை எதிர்த்து நடத்திய 1991 வளைகுடாப் போரின் வான் பாதுகாப்பு என்றாலே பேச்சு பேட்ரியாட் ஏவுகணையில் தொடங்கி, அது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையை உண்மையில் வீழ்த்தியதா என்ற வாதத்தில் முடிந்துவிடுகிறது. பேட்ரியாட் நகரங்களையும் விமானத் தளங்களையும் காத்து நின்ற ஆயுதம். டாங்கிகளோடு பாலைவனத்துக்குள் புகுந்த வான் பாதுகாப்பு பட்டாலியன்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கோ அவைதான் சுவாரசியமானவை.

அமெரிக்கத் தரைப்படையின் பெரும் போர்ப்பிரிவான டிவிஷன் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு பட்டாலியன் இருந்தது. யூப்ரடீஸ் பள்ளத்தாக்கை நோக்கி 300 கிலோமீட்டருக்கும் மேல் பாய்ந்து சென்ற 24வது காலாட்படை டிவிஷனுடன் 5வது வான் பாதுகாப்புப் பீரங்கி ரெஜிமென்ட்டின் முதலாம் பட்டாலியன் சென்றது. பேட்டரிகள் எனப்படும் பட்டாலியனின் உட்பிரிவுகள், டிவிஷனின் பிரிகேடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். எதை முதலில் காப்பது என்பதை டிவிஷன் தளபதி முடிவு செய்வார். முன்னணி டாங்கிகளே முதலிடம் பெறும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு ஏப்ராம்ஸ் டாங்கியின் கொள்ளளவே ஏறத்தாழ 1,900 லிட்டர் எரிபொருள் என்னும்போது, பின்னால் வரும் எரிபொருள் லாரி வரிசையை எதிரி விமானி ஒருமுறை தாக்கினாலே டிவிஷன் நின்ற இடத்தில் நின்றுவிடும். மறைவுக்கு ஒரு மரம்கூட இல்லாத நிலத்தில், வண்டிகள் கிளப்பும் புழுதியே அவை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பட்டாலியன்களிடம் இருந்த வல்கன், ஆறு குழல்கள் சுழன்று சுடும் 20 மில்லிமீட்டர் பீரங்கி. நிமிடத்துக்கு 3,000 குண்டுகள் வேகத்தில் விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் கையிருப்பு அரை நிமிடம்கூடத் தாங்காது என்பதால், ஒரு முறைக்கு 10, 30, 60 அல்லது 100 குண்டுகள் என்று வரம்பு வைத்துச் சுடும் ஏற்பாடு இருந்தது. அதன் ரேடார் தூரத்தைக் கணக்கிடுமே தவிர இலக்கைத் தேடித் தராது. கண்ணால் கண்டுபிடிப்பது சுடுபவரின் வேலை. வானிலக்கை ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குத்தான் நம்பித் தாக்க முடியும். டாங்கி எதிர்ப்பு ஏவுகணை ஏந்திய ஹெலிகாப்டருக்கு அவ்வளவு அருகில் வரவேண்டிய தேவையே இல்லை. பழைய எம்113 கவச வண்டியின் அடித்தளத்தில் ஏற்றப்பட்டிருந்ததால், கரடுமுரடான நிலத்தில் ஏப்ராம்ஸ், பிராட்லி வண்டிகளுக்கு ஈடுகொடுப்பதும் கடினமாக இருந்தது. இதற்கு மாற்றாக வரவேண்டிய சார்ஜென்ட் யார்க் பீரங்கித் திட்டம் சோதனைகளில் சொதப்பி 1985இல் கைவிடப்பட்டிருந்தது.

தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கரின் கதை வேறு. அதன் கைப்பிடிப் பகுதியில் மின்கலமும் குளிரூட்டும் ஆர்கான் வாயுவும் சேர்ந்த சிறு கலம் ஒன்றைச் செருகி இயக்கினால், ஏவுகணையின் தேடுகருவி குளிர்ந்து தயாராகும்; அதன்பின் ஏறத்தாழ 45 விநாடிக்குள் ஏவியாக வேண்டும், இல்லையென்றால் அந்தக் கலம் வீண். அந்த நேரத்துக்குள் வந்திருப்பது யாருடைய விமானம் என்பதும் உறுதியாக வேண்டும். விமானத்துக்கு அனுப்பும் மின்னணுக் கேள்விக்கு அதிலுள்ள கருவியிடமிருந்து பதில் வந்தால் அது நண்பன். பதில் வராவிட்டால் பகைவன் என்று முடிவுகட்ட முடியாது, கருவி பழுதான நண்பனாகவும் இருக்கலாம். வடிவத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றாலோ, மிராஜ் எஃப்1 விமானமும் கசெல் ஹெலிகாப்டரும் ஈராக்கிடமும் இருந்தன, கூட்டணியில் இருந்த பிரான்சிடமும் இருந்தன.

கூட்டணி விமானங்கள் அந்தப் போர் முழுவதிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பறந்தன. ஈராக்கின் விமானங்களோ நூற்றுக்கும் மேல் ஈரானுக்குத் தப்பிவிட்டன, எஞ்சியவை பெரும்பாலும் தரையில் முடங்கின. பிப்ரவரி 24 அன்று தரைப்போர் தொடங்கியபோது தலைக்கு மேல் கேட்ட இரைச்சல் ஏறக்குறைய அனைத்தும் சொந்தப் பக்கத்துடையதுதான். ஆகவே இந்தப் பட்டாலியன்களின் பெரும் பணி சுடாமல் இருப்பதாக அமைந்தது. வல்கன்கள் தரை இலக்குகளின் மீதும் திருப்பப்பட்டன. தவறான அடையாளத்தின் விலை மறுதிசையில் தெரியவந்தது: பிப்ரவரி 26 அன்று அமெரிக்க ஏ-10 விமானங்கள் பிரிட்டனின் வாரியர் கவச வண்டிகளைத் தாக்கியதில் ஒன்பது வீரர்கள் இறந்தார்கள்.

எதிரி வரவில்லை என்பதிலிருந்து இனியும் வரமாட்டான் என்ற முடிவுக்கு அமெரிக்க ராணுவத்தார் பிற்பாடு தாவிவிட்டார்கள் என்பது என் கருத்து. 2000களில் டிவிஷன்களிடமிருந்து இந்தப் பட்டாலியன்கள் பறிக்கப்பட்டன. 1953க்குப் பிறகு எதிரி விமானத்தால் அமெரிக்கத் தரைப்படை வீரர் எவரும் இறக்கவில்லை என்பது பெருமையாகச் சொல்லப்பட்டுவந்தது. விமானியே தேவைப்படாத ட்ரோன் ஒன்று 2024 ஜனவரியில் ஜோர்டானில் மூன்று வீரர்களைக் கொன்றது. ஆபத்து அதற்கு முன்பே உணரப்பட்டு, குறுந்தூர வான் பாதுகாப்புக்கான பட்டாலியன் ஒன்று 2018இல் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கில் மீண்டும் அமைக்கப்பட்டிருந்தது. 2021 முதல் அதற்கு வந்த புதிய ஆயுதத்தில் ஸ்டிங்கரும் 30 மில்லிமீட்டர் பீரங்கியும் இருக்கின்றன. இம்முறை அவற்றை, முன்னணியில் காலாட்படையைச் சுமந்து செல்லும் அதே ஸ்ட்ரைக்கர் வகை வண்டியின் மீது ஏற்றியிருக்கிறார்கள்.