முதலில் சென்சார் விளக்கு, கடைசியில் லேப்டாப்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்த பிள்ளைகள் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கி, ஒரகடத்துக்குக் கார் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். ஆட்டோமேஷன் என்றால் நாள் முழுக்க பிஎல்சிக்கு (லைனை இயக்கும் கம்ப்யூட்டர்) லேடர் புரோகிராம் எழுதுவது என்ற எண்ணத்தோடுதான் பலரும் போகிறார்கள். ஆனால் ஷீட்டுகளை வெல்டு செய்து கார் பாடி ஆக்கும் பாடி ஷாப்பில் லைன் நின்றால் புரோகிராமில் தப்பு இருப்பது அபூர்வம். நேற்றுவரை ஓடிய புரோகிராம் ராத்திரியில் தானாக மாறாது. மாறியது சென்சாராக இருக்கும், கேபிளாக இருக்கும், காற்று அழுத்தமாக இருக்கும்.

ஸ்பாட் வெல்டிங் ஸ்டேஷனில் ஷீட் உட்கார்ந்ததைச் சென்சார் சொல்ல வேண்டும், அதைக் காற்றழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மூடியதற்கும் சிக்னல் வர வேண்டும். அதன்பிறகுதான் ரோபோ உள்ளே வரும். 60 விநாடிக்கு ஒரு வண்டி இறங்கும் லைனில் 5 நிமிடம் நின்றால் 5 வண்டி போயிற்று. அந்தப் பதற்றத்தில்தான் லேப்டாப்பைத் தேடி ஓடுகிறார்கள்.

எந்த இன்புட்டுக்காக (சென்சார் சிக்னலுக்காக) லைன் காத்திருக்கிறது என்பதைத் திரையில் பார்த்துவிட்டு நேரே அந்தச் சென்சாரிடம் போங்கள். ஷீட் இருக்கும்போது அதன் விளக்கு எரிகிறதா? எரிந்தும் பிஎல்சி கார்டில் விளக்கு வரவில்லை என்றால் கேபிளையோ கனெக்டரையோ சந்தேகப்படுங்கள். கிளாம்போடு சேர்ந்து தினமும் ஆயிரம் தடவை மடங்கும் கேபிள், வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே அறுந்திருக்கும். சென்சாரைப் புதிதாக மாற்றிய பிறகு இப்படி ஆனால், பிஎன்பி வகை (பிளஸ் சிக்னல் தருவது) இருந்த இடத்தில் என்பிஎன் வகை (மைனஸ் சிக்னல் தருவது) மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். விளக்கு எரியும், இன்புட் வராது.

விளக்கே எரியவில்லை என்றால் இடைவெளியை அளக்க வேண்டும். ஃபிரேமோடு சமமாகப் பதிக்கும் சாதாரண எம்12 (12 மி.மீ. மரை) இன்டக்டிவ் சென்சார், அதாவது உலோகத்தைத் தொடாமலே உணரும் சென்சாரின் எல்லை 2 மி.மீ.தான். 1.5 மி.மீ.க்குள் வைத்தால் நம்பலாம். அலுமினியம் என்றால் அந்த எல்லை பாதிக்கும் கீழே போய்விடும்.

இதைவிட மோசம், எப்போதும் எரியும் விளக்கு. வெல்டிங்கில் தெறிக்கும் உலோகத் துளியான ஸ்பேட்டர் சென்சார் முகத்தில் ஒட்டிக்கொண்டால், ஷீட் இல்லாமலே 'இருக்கிறது' என்று சொல்லும். அதனால் ஷீட்டோடு ஒருமுறை, ஷீட் இல்லாமல் ஒருமுறை என்று இரண்டையும் பார்க்காமல் நகரக் கூடாது.

ஆத்தங்குடியில் டைல் வார்ப்பவர்கள் கண்ணாடியைத் துடைக்காமல் கலர் ஊற்றுவதில்லை. கண்ணாடியில் இருப்பதுதான் டைலின் முகத்தில் பதியும். ஷீட்டைத் தாங்கும் ஃபிக்சர் பேடும் அப்படித்தான். ஒரு ஸ்பேட்டர் மணி ஷீட்டுக்கு அடியில் மாட்டினால் ஷீட்டுகள் சேராது, இடைவெளி விழும், அந்த இடைவெளியே இன்னும் ஸ்பேட்டரைக் கிளப்பும். ஒவ்வொரு ஷிஃப்டும் பேடைத் துடைக்கிற ஆபரேட்டர்தான் லைனைக் காப்பாற்றுகிறார்.

காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 5 முதல் 6 பார் இருக்க வேண்டிய அழுத்தம் 4க்கு இறங்கினால் கிளாம்ப் மெதுவாக மூடும், பிஎல்சி டைம் அவுட் காட்டும். உடனே டைமரைக் கூட்டி வைத்துவிட்டுப் போவது நோயை மறைக்கும் வேலை. கேஜைப் பாருங்கள், ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள்.

சென்சாரை 'பைபாஸ்' செய்து, அதாவது அதன் சிக்னலைப் பார்க்காமலே, ஓட்டச் சொல்லும் குரல் எல்லா ஷிஃப்டிலும் கேட்கும். ஒரு பிராக்கெட் இல்லாமல் வெல்டான பாடி, பெயின்ட் தாண்டி அசெம்ப்ளியில்தான் தெரியவரும். சேஃப்டி கேட் சிக்னலை ஃபோர்ஸ் செய்வது (கேட் திறந்திருந்தும் மூடியதாக பிஎல்சியை நம்பவைப்பது) அதைவிடக் கொடியது, ஆளையே காவு வாங்கும். ரோபோவைச் சுற்றிய வேலிக்குள் நுழையுமுன் மெயின் ஸ்விட்சில் உங்கள் பூட்டை நீங்களே போடுங்கள், காற்றையும் வெளியேற்றுங்கள். மின்சாரம் போன பிறகும் சிலிண்டரில் காற்று அடைபட்டு நிற்கும்.

ரோபோவின் மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்பதை நினைவில் வைக்க உதவும் என்கோடர் பேட்டரி சின்னச் சாமான். ஆனால் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு அதைக் கழற்றினால் ஜீரோ பொசிஷன் போய்விடும். மறுபடி மாஸ்டரிங் செய்து (ஜீரோவைப் புதிதாகப் பதித்து), வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சில மணி நேரமாவது ஆகும். பல ரோபோக்களில் கன்ட்ரோலர் ஓடும்போதே, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு மாற்றுவதுதான் முறை. உங்கள் மாடலின் மேனுவலைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். மாற்றிய தேதியை எழுதி ரோபோவின் மேலேயே ஒட்டிவிட்டால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் யாரையும் தேடிப் போய்க் கேட்க வேண்டியிருக்காது.