ஓட்டுக்கு அடியில் ஒரு தொட்டி

கோலாலம்பூரின் செந்தூலில் இரட்டை மாடி வரிசை வீடு ஒன்றுக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு வாரமாக மேல்மாடிக் குளியலறை ஷவரில் தண்ணீர் நூல் போல இறங்கியது. சுடுதண்ணீர் ஹீட்டர் பற்றவே இல்லை. ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது தானாகவே நின்றுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஹீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

மதுரையில் எங்கள் வீட்டுத் தொட்டி மொட்டை மாடியில் எல்லோருக்கும் தெரிய நிற்கும். மோட்டார் போட்டால் சத்தத்தை வைத்தே நிரம்பிவிட்டதா என்று அம்மா சொல்லிவிடுவார். இங்கே சரிவான ஓட்டுக் கூரை. தொட்டி எங்கே என்று தேடிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கடைக்காரர் பம்ப் ஒன்றைப் பரிந்துரைத்தார். வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பக்கத்து வீட்டு ஐயா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்: "சமையல்கட்டுப் பைப்புல தண்ணி எப்படி தம்பி வருது?" பீய்ச்சி அடிக்கிறது என்றேன். "அப்ப ரோட்டுப் பைப்புல குறையில்ல. பம்ப் அப்புறம் வாங்கலாம்."

இந்த ஊர் வீடுகளின் சூட்சுமமே அந்தக் கேள்வியில் இருந்தது. சமையலறைக் குழாய்க்குப் பெரும்பாலும் தெருக் குழாயிலிருந்து தண்ணீர் நேராக வரும். குளியலறைத் தண்ணீர் சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவிலிருக்கும் தொட்டியிலிருந்து வரும். இரண்டிலும் குறைந்தால் வெளியே மீட்டர் பக்கம் பார்க்க வேண்டும். குளியலறையில் மட்டும் குறைந்தால் தொட்டிப் பக்கம். வீடு முழுக்க நன்றாக வந்து ஒரே ஒரு குழாயில் குறைந்தால் அதன் வாயிலிருக்கும் சல்லடையைக் கழற்றினாலே போதும்.

கீழ்க் குளியலறையைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் மந்தம்தான். மேலே பத்து லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தேன். நிரம்ப ஐந்தரை நிமிடம் ஆனது. ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டபோது கொஞ்சம் மணலும் துருவும் வந்தன. ஆனால் ஓட்டம் அப்படியேதான் இருந்தது.

மறுநாள் வெயில் ஏறும் முன் ஏணி வைத்து சீலிங் ஓட்டை வழியே ஏறினோம். தொட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது, மிதவையும் சரியாக இருந்தது. தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயில் ஒரு பழைய பித்தளை கேட் வால்வு, உள்ளே ஒரு தட்டு ஏறி இறங்கி வழியைத் திறந்து மூடும் வகை. அதன் கைப்பிடியை ஐயா திருப்பினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது, எங்கேயும் முட்டி நிற்கவில்லை. "உள்ள தட்டு கழண்டு போச்சு" என்றார்.

தொட்டிக்கு வரும் தண்ணீரை அடைத்தோம். உள்ளே இருந்ததை வீணாக்க மனம் வராமல் வாளி, டிரம், குழந்தையின் குளியல் தொட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார் என் மனைவி. வால்வைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். தண்டிலிருந்து பிரிந்த தட்டு பாதி வழியை மறித்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. அதன் முதுகில் காபிப்பொடி நிறத்தில் வண்டல். அந்த இடத்தில் கால் சுற்றில் திறந்து மூடும் பந்து வால்வு (பால் வால்வு) ஒன்றை டெஃப்லான் டேப் சுற்றி ஐயா மாட்டினார். வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். அதையும் ஐயாதான் நினைவுபடுத்தினார்.

அதே வாளி இப்போது இரண்டு நிமிடத்துக்குள் நிரம்புகிறது. ஹீட்டரும் பற்றுகிறது. கீழே இருக்கும் வேகம் மேலே வராது. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், எங்கள் ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இல்லை. என்றைக்காவது பம்ப் வைப்பதானால் தொட்டிக்கு அப்புறம்தான் வைக்க வேண்டும், தெருக் குழாயில் நேராக மாட்டி இழுக்கக் கூடாது என்றும் ஐயா சொல்லியிருக்கிறார். இப்போதைக்குத் தேவைப்படவில்லை. டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் அவர் வீட்டு முருங்கைக்கும் எங்கள் கறிவேப்பிலைக்கும் இரண்டு நாள் வந்தது.