ஒப்பியல் வகுப்பில் மீன்பெயர்கள்

முதுகலைத் தமிழ் மாணவர்கள் எந்தத் தாளுக்கு மிகவும் அஞ்சுகிறார்கள் என்று கேட்டால், எங்கள் இராமநாதபுரம் பகுதியில் பலரும் திராவிட மொழிகளின் ஒப்பாய்வைத்தான் சொல்வார்கள். கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், மண்டபம் எனக் கடலோர ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கோண்டி, குவி, மால்தோ என்னும் தொலைதூரத் திராவிட மொழிகள் தேர்வுவரை நினைவில் வைத்துப் பின்பு மறந்துவிட வேண்டிய பெயர்கள், அவ்வளவுதான். இந்தத் தாளை நெடுங்காலம் நடத்திய நான், பட்டியலை ஒதுக்கிவிட்டு, அவரவர் வீட்டு மொழியில் மூன்று முதல் ஐந்து வரை எண்ணச் சொல்லியே பாடத்தைத் தொடங்குவேன். தெலுங்கு பேசும் வீட்டு மாணவர் மூடு, நாலுகு, ஐது என்பார். பரமக்குடியிலிருந்து வரும் சௌராட்டிர மாணவி தீன், சார், பாஞ்ச் என்பார். அவர் வீட்டுப் பேச்சில் தமிழும் தெலுங்கும் எவ்வளவு கலந்திருந்தாலும் அது இந்தோ-ஆரிய மொழி என்பது கரும்பலகையிலேயே தெரிந்துவிடும். எண்களை மட்டும் நம்பவும் கூடாது. பலுசிஸ்தானத்துத் திராவிட மொழியான பிராகுயியில் மூன்று வரைதான் திராவிட எண்கள், நான்கு முதல் கடன் பெற்றவை. ஆயினும் அங்கே முன்னிலை ஒருமை இன்றும் 'நீ'தான்.

சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸைச் சொல்லாமல் நான் மேலே போவதில்லை. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856-க்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு 1816-இல் எழுதிய முன்குறிப்பில், தென்னக மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, வேர்ச்சொற்களால் தமக்குள் உறவுடையவை என்று காட்டியவர் அவர். 1819-இல் அவர் இறந்தது இதே இராமநாதபுரத்தில். இம்மாவட்டத்துத் தமிழ் மாணவர்களுக்கே இது புதுச்செய்தியாக இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தமிழே மற்றவற்றுக்குத் தாய் என்ற நம்பிக்கையைத் தொடும்போதுதான் வகுப்பு சூடேறும். கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. மூலத்தில் இருந்தது ககரமே, இ, எ முதலிய உயிர்களுக்கு முன் தமிழில் அது சகரமாயிற்று என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். பால், பல், பத்து என்று நாம் காத்துவைத்த பகரம் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என மாறிற்று என்றதும் அதே முகங்கள் மலரும். இரண்டும் ஒரே வகையான சான்று என்பதை ஏற்கச் செய்வதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

ஒருமுறை மீனவக் குடும்பத்து மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, அப்படீன்னா கிழங்கான் ஏன் சிழங்கான் ஆகலை? கெளுத்தியும் அப்படியேதான இருக்கு?" என்றார். வகுப்பு சிரித்தது; எனக்கு அதைவிடக் கூர்மையான கேள்வி நினைவில் இல்லை. அந்த உயிரை அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலி, அதாவது நாவை மடித்து எழுப்பும் ஒலி, வந்தால் ககரம் மாறாது என்ற விலக்கு உண்டு. கிளி, கீழ், கிணறு, கெடு எல்லாம் அப்படித் தப்பியவை. பாடநூலில் யாரும் நின்று படிக்காத அந்த விலக்கு, வலையில் விழும் மீன்களின் பெயரிலேயே கிடந்தது.

அவர் விடவில்லை. "அப்ப கீச்சான்?" என்றார். பிடிபட்டதும் ஒலியெழுப்பும் மீன் அது. பெயர் ஒலிக்குறிப்பாக இருக்கலாம், ஒலிக்குறிப்புச் சொற்கள் இத்தகைய விதிகளுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை என்றேன். அந்த விடை அவருக்குப் போதவில்லை. மறுநாள் வீட்டாரிடம் கேட்டு, கி, கெ எனத் தொடங்கும் மீன்பெயர்களை ஒரு தாளில் எழுதி வந்தார். கிளாத்தியும் கெளிறும் விலக்குக்குள் அடங்கின. அடங்காதவற்றை அன்றைய பாடமாக எடுத்துக்கொண்டோம்.