ரெஸ்யூமில் சிஜிபிஏ போடலாமா வேண்டாமா: நான் முடிவு செய்த கதை

மண்டபம்தான் எனக்கு ஊர். இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்) முடித்து 2025ல் வெளியே வந்தேன், சிஜிபிஏ, அதாவது மொத்தப் படிப்புக்கான சராசரி மதிப்பெண், பத்துக்கு 6.7. இதை ரெஸ்யூமில் போடுவதா விடுவதா என்று வாரக்கணக்கில் குழம்பினேன். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் என்னோடு படித்தவர்களில் சிலர் மார்க்கை நினைத்து ரெஸ்யூமை அனுப்பாமலே உட்கார்ந்திருக்கிறார்கள், அது எனக்கு ரொம்ப வருத்தம், அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய ஐடி கம்பெனிகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. "த்ரூஅவுட் 60 இருக்கா, ஸ்டாண்டிங் அரியர் இருக்கா", அதாவது பள்ளியிலிருந்தே எல்லாவற்றிலும் 60 சதவீதம் இருக்கா, இன்னும் பாஸாகாத பேப்பர் இருக்கா என்று ஆன்லைன் படிவத்திலேயே கேட்டுவிடுவார்கள், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நாமாக மெயில் அனுப்புகிற இடங்கள், அதாவது எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர், சோலார் பிளான்ட், மதுரை தூத்துக்குடி பக்கத்துத் தொழிற்சாலைகள், அங்கேதான் யோசிக்க வேண்டும்.

முதலில் பள்ளி மார்க்கை ரெஸ்யூமிலிருந்து நீக்கினேன். அப்பாவுக்கு அதில் மனசே இல்லை, பன்னிரண்டாம் வகுப்பில் 78 சதவீதம். ஆனால் நாங்கள் 2021 பேட்ச், கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை, பத்தாம் வகுப்பு மார்க்கில் 50 சதவீதம், பதினொன்றில் 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டில் 30 என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு இன்டர்வியூவில் "அங்கே 78, காலேஜில் 67, ஏன் இறங்கிச்சு?" என்று கேட்டு, இதை விளக்குவதிலேயே பாதி நேரம் போய்விட்டது. டிகிரி கையில் இருக்கும்போது அந்த வரி தேவையில்லை என்று எனக்குத் தெளிவானது அப்போதுதான்.

சிஜிபிஏவையும் எடுத்துவிடலாமா என்று தூத்துக்குடியில் வேலை பார்க்கும் எங்கள் காலேஜ் சீனியர் அண்ணனிடம் கேட்டேன். "போடலைன்னா அஞ்சுன்னு நினைச்சுக்குவாங்க தம்பி, 6.7ஐ எதுக்கு மறைக்கிற?" என்றார். அது சரி. அனுபவம் இல்லாத ஃப்ரெஷர் மார்க் போடவில்லை என்றால் அரியர் இருக்கும் என்றுதான் முதலில் நினைப்பார்கள். இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளலாம், அப்போது யாரும் தேட மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள், சதவீதமாக மாற்றும்போது சிஜிபிஏவை 9.5ஆல் பெருக்காதீர்கள். அது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு வைத்திருந்த கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 10ஆல்தான் பெருக்க வேண்டும், மற்ற பல்கலைக்கழகங்களுக்கு அவரவர் விதி. 6.7ஐ 7 என்று எழுதவும் கூடாது, சேரும்போது ஒரிஜினலை வாங்கிப் பார்ப்பார்கள்.

அப்புறம் அதை எங்கே போடுவது? மேலே போடவில்லை, அங்கே கையால் செய்து பழகிய வேலையைப் போட்டேன். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், ஐஸுக்குக் கிராக்கி இருக்காது, எங்கள் மாமா வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் மோட்டார், பேனல் எல்லாவற்றையும் அப்போதுதான் கழற்றிப் பார்ப்பார்கள். எனக்கு லீவும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும், போய் நிற்பேன். கம்ப்ரசர் மோட்டாரின் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (பெரிய மோட்டாரைக் குறைந்த கரண்டில் ஓடத் தொடங்க வைப்பது), அதிலுள்ள சுவிட்சான காண்டாக்டரை மாற்றுவது, உப்புக்காற்றில் அரித்துப்போன டெர்மினலைச் சுத்தம் செய்து எர்த்திங் பார்ப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். இதை முதல் பாதியில் எழுதினேன், படிப்பையும் 6.7ஐயும் ஒரே வரியில் கீழே வைத்தேன்.

அந்த ரெஸ்யூமுக்குத்தான் மதுரையில் இருந்து அழைப்பு வந்தது. சிஜிபிஏவைப் பார்த்துவிட்டு "அரியர் எல்லாம் கிளியரா?" என்று மட்டும் கேட்டார்கள், ஆமாம் சார் என்றேன். மீதி நேரம் முழுக்க ஸ்டார்ட்டர்தான், டைமர் எத்தனை விநாடி வைப்பீர்கள், ஓவர்லோடு ரிலே ஏன் விழுகிறது என்று பேப்பரில் சர்க்யூட் வரையச் சொல்லிக் கேட்டார்கள். இப்போது அங்கேதான் மெயின்டெனன்ஸில் இருக்கிறேன். சேர்ந்த அன்று மதிப்பெண் பட்டியலை ரெஸ்யூமோடு வைத்து வரி வரியாகச் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள்.