வாவிச் சிப்பியின் பூவில் என்ன எழுதியிருக்கிறது: மட்டக்களப்பு ஆய்வுக் குறிப்புகள்

ஒக்டோபர் 12
மழை பிடிக்க முந்தி முதல் தொகுதியை எடுத்துவிட வேண்டும். இப்போது முகத்துவாரத்தில் மணல் அடைத்துக் கிடக்கிறது. வாடைக்காற்று மழையில் வாவி பெருகி ஆற்றுவாய் வெட்டினால், சில நாட்களுக்குள் உவர்ப்பு தலைகீழாகும். மீன் இடம் மாறிப்போகும். கண்டல் வேரில் ஒட்டிய சிப்பிக்கு அந்த வழி இல்லை. நின்ற இடத்திலேயே தாங்க அதன் கலங்கள் என்ன பாடுபடுகின்றன என்பதை உவர்ப்புமானி காட்டாது, பூவில், அதாவது செவுளில், உள்ள புரதம் காட்டும்.

தேடுவது எச்எஸ்பி 70. பெயர் வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்றாலும் உவர்ப்பு மாற்றம், உலோக நஞ்சு, ஒட்சிசன் குறைவு எதற்கும் இது கூடும். மடிப்புக் குலைந்த புரதங்களைப் பிடித்துத் திரும்ப மடிக்க உதவுவது இதன் வேலை. ஆகவே சிப்பி நெருக்கடியில் இருக்கிறது என்று சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்துக்கு வெப்பநிலை, உவர்ப்பு, ஒட்சிசன் மூன்றையும் அதே இடத்தில் அதே நேரத்தில் அளந்தே ஆகவேண்டும்.

ஒக்டோபர் 14
பாலமீன்மடுப் பக்கம், காலை. ஒரே அளவுச் சிப்பி எட்டு, எல்லாம் தண்ணீருக்குள் நின்றவை. வெயிலில் வெளியே நின்றதை இதோடு கலந்தால் கணக்கே பிழைக்கும்.

சிப்பியை உயிரோடு பெட்டியில் போட்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவது பலர் செய்யும் தவறு. இரண்டு மூன்று மணி நேரச் சூடு போதும், வாவியின் கதைக்கு மேலே பயணத்தின் கதை எழுதப்பட்டுவிடும். தோணியிலேயே திறக்க வேண்டும். கத்தியை ஓட்டின் இடுக்கில் விட்டு மூடுதசையை அறுத்தால் மேலோடு தளரும். போர்வை மடிப்பை விலக்கினால், பிறை வடிவில் அடுக்கடுக்காகச் சாம்பல் நிறக் கீற்றுகள் தெரியும், அதுதான் பூ. பக்கத்திலிருக்கும் பச்சை கலந்த மண்ணிறச் சீரணச் சுரப்பியில் கத்தி படக்கூடாது. அதன் நொதியங்கள் கசிந்தால் புரதமெல்லாம் துண்டு துண்டாகிவிடும். நல்ல தண்ணீரில் அலசினால் கலங்கள் வெடிக்கும். ஓட்டுக்குள் இருக்கும் நீரின் உவர்ப்புக்குச் சமமான கரைசலில் ஒரு தரம் அலசினால் போதும்.

துண்டு ஒன்று 100 மில்லிகிராம். திரவ நைதரசன் கைக்கெட்டாத இடத்தில், நொறுக்கிய ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு கலந்த ரெஜிபோம் பெட்டி உதவும். −20 பாகை அளவுக்கு இறங்கும். நொதியங்களை அது மந்தப்படுத்தும், நிறுத்தாது. அன்றைக்கே −80 உறைபெட்டிக்குள் போய்விட வேண்டும்.

ஒக்டோபர் 15
பிரித்தெடுத்தல். 50 மில்லிமோலார் த்ரிஸ் தாங்கற்கரைசல், பிஎச் 7.5, சோடியம் குளோரைட்டு 150, ஈடிடிஏ 1. துண்டு ஒன்றுக்கு 500 மைக்ரோலீற்றர். புரதத்தை வெட்டும் நொதியங்களைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் சிதைவது. ஐசோபுரோப்பனோலில் கரைத்து வைத்து, அரைக்கும் நிமிடத்தில் 1 மில்லிமோலாராகச் சேர்க்க வேண்டும். முதல்நாளே கலந்து வைத்தால் போடாததற்குச் சமம்.

கலச்சவ்வைக் கரைக்கும் ட்ரைட்டன் சேர்க்கவில்லை. தேடும் புரதம் கலத்தின் கரைசல் பகுதியிலேயே இருக்கிறது. சாயத்தின் நிறத்தால் புரத அளவைக் காணும் பிராட்போர்ட் அளவீட்டை 1 சதவீத ட்ரைட்டன் குழப்பிவிடும். ஐஸில் வைத்துப் பத்துப் பத்து விநாடியாக மூன்று தரம் அரைத்தல், பிறகு 4 பாகையில் 12,000 மடங்கு ஈர்ப்பில் 20 நிமிடம் மையநீக்கம். பூ முழுக்கச் சளி. மேலே கொழுகொழுவென்று மிதப்பதையும் அடியில் படிவதையும் தொடாமல் நடுத் தெளிவை மட்டும் உறிஞ்ச வேண்டும்.

ஒக்டோபர் 16
பிராட்போர்ட், 595 நானோமீற்றர். ஐந்து மைக்ரோலீற்றருக்கு 250 சாயம், பத்து நிமிடம் காத்திருந்து வாசிப்பு, ஒவ்வொன்றும் மும்முறை. உயர்ந்த நியமத்தைத் தாண்டி நீலம் ஏறினால் மாதிரியை ஐதாக்கித் திரும்பச் செய்ய வேண்டும். நேர்கோட்டைக் கையால் நீட்டிக் கணக்கெடுக்கக்கூடாது.

ஒக்டோபர் 18
புரதங்களைப் பருமன்வாரியாகப் பிரிக்க 10 சதவீத ஜெல், பாதைக்கு 20 மைக்ரோகிராம், 95 பாகையில் ஐந்து நிமிடச் சூடு. இரண்டு பாதைகள் இடுப்பு ஒடுங்கி வளைந்தன. காரணம் உப்பு. அந்த மாதிரிகளைக் குளிர்ந்த அசற்றோன் நான்கு மடங்கு சேர்த்துப் படியவைத்து, உப்பை நீக்கித் திரும்ப ஓட்ட வேண்டும். படிவை எலும்பாய்க் காயவிட்டால் பிறகு கரையாது. அசற்றோன் வாசம் போனதும், புரதத்தைக் கரைக்கும் எஸ்டிஎஸ் கரைசலை ஊற்றிவிட வேண்டும். பொற்றாசியம் உள்ள தாங்கற்கரைசல் எஸ்டிஎஸ்ஸோடு சேர்ந்தால் வெள்ளைக் கட்டியாகத் திரளும், அதனால் சோடியம் உப்புகள்தான்.

ஒக்டோபர் 20
ஜெல்லில் பிரிந்த புரதங்களைச் சவ்வுக்கு மாற்றியாயிற்று. பிறபொருளெதிரி பாலூட்டிக்கென்று செய்தது. ஆனாலும் எச்எஸ்பி 70 உயிரினங்களுக்கிடையே அவ்வளவு மாறாத புரதம் என்பதால் சிப்பியிலும் ஒட்டுகிறது. எப்போதும் இருக்கும் உறவுப் புரதத்திலும் ஒட்டுவதால் நெருங்கிய இரு பட்டைகள் தெரியும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினால் நெருக்கடி மறைந்துபோகும். சம அளவு ஏற்றப்பட்டதா என்று பார்க்க, கலங்களில் வழக்கமாக இருக்கும் அக்ரின் புரதத்தை நம்பவில்லை, நெருக்கடியில் அதுவும் மாறக்கூடும். எல்லாப் புரதத்தையும் சிவப்பாக்கும் பொன்சோ சாயத்தில் பாதை முழுவதையும் அளக்கிறோம்.

டிசம்பர் 3
ஆற்றுவாய் வெட்டியபின் முதலாம், மூன்றாம், ஏழாம் நாள் மாதிரிகள் உறைபெட்டியில். நன்னீர் வந்ததும் சிப்பி ஓட்டை இறுக மூடிவிடும். உள்ளே பழைய உவர்நீர், குறைந்துகொண்டே போகும் ஒட்சிசன். ஆகவே முதலாம் நாள் பட்டை கூடினால் அது நன்னீரின் வேலை என்று எழுத அவசரப்படக்கூடாது. திறக்கும்போது ஓட்டுக்குள் இருக்கும் நீரின் உவர்ப்பையும் ஒரு துளி எடுத்து அளந்து குறித்திருக்கிறோம். வெளிநீரோடு அது வேறுபட்டால் சிப்பி மூடியிருந்திருக்கிறது என்று தெரியும்; எவ்வளவு நேரம் என்று அது சொல்லாது.

டிசம்பர் 6
பட்டையை வெட்டித் திணிவு நிறமாலைக்கு அனுப்பும் ஆயத்தம். கையுறை, மூடிய முடி, புதிய அலகு; இல்லாவிட்டால் வருவது மனிதத் தோலின் கெரற்றின்தான். திரிப்சின் நொதியம் 37 பாகையில் இரவு முழுக்க, புரதத்தை லைசின், ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலங்களுக்கு அடுத்தாற்போல் வெட்டும். ஒப்பிடப் பசிபிக் சிப்பியின் மரபணுத்தொகை 2012 முதல் இருக்கிறது. அதில் எச்எஸ்பி 70 மரபணுக்கள் மட்டும் 88. திரிப்சின் வெட்டிய ஒரே புரதத்துண்டு பலவற்றுக்கும் பொருந்தும். குடும்பப் பெயரை எழுதலாம், ஆளின் பெயரை எழுத அந்த ஒன்றுக்கே உரிய துண்டு கிடைக்க வேண்டும்.